நாடுகளின் கோவிட் எண்ணிக்கையை மக்கள்தொகையோடு வைத்து ஒப்பிடுவது எப்படி?

கோவிட் காலம் முழுக்க உறுதி செய்யப்பட்ட தொற்று அமெரிக்காவில் 10.3 கோடிக்கு மேல், இந்தியாவில் சுமார் 4.5 கோடி, இலங்கையில் சுமார் 6.72 லட்சம். இந்த மூன்றையும் அப்படியே அடுக்கினால் அமெரிக்கா முதலில், இந்தியா அடுத்து, இலங்கை கண்ணுக்கே தெரியாத தூரத்தில். மக்கள்தொகையால் வகுத்துவிட்டால் இந்தியாவும் இலங்கையும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிடும். அமெரிக்கா அவற்றைவிடப் பத்து மடங்கு மேலே நிற்கும்.

வகுத்தல் ஐந்தாம் வகுப்புக் கணக்கு, யாருக்கும் வரும். வகுத்து வந்த விடை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2020 முதல் 2022 வரை தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றிய "உலகிலேயே மோசமான நாடு எது" பட்டியல்களில் பெரும்பகுதி, கணக்கு சரியாகப் போடப்பட்டும் முடிவு தப்பாகச் சொல்லப்பட்டவை. இந்த எண்களோடு புதிதாகப் பழக நினைக்கும் மாணவர்கள், செய்தி எழுதுபவர்கள், யாரோ அனுப்பிய வரைபடத்தைச் சரிபார்க்க விரும்புபவர்கள் ஆகியோருக்காக, நான் எந்த வரிசையில் பார்ப்பேனோ அதே வரிசையில் எழுதுகிறேன். கால்குலேட்டர் போதும். எக்செல் தெரிந்தால் இன்னும் வசதி.

1. ஒரே இடத்திலிருந்து எடுங்கள்

ஒப்பிடும் நாடுகள் எல்லாவற்றுக்கும் எண்களை ஒரே மூலத்திலிருந்து, ஒரே தேதிக்கு எடுக்க வேண்டும். ஒன்றை விக்கிப்பீடியாவிலிருந்தும் இன்னொன்றைச் செய்தித்தாளிலிருந்தும் எடுத்தால் ஆரம்பத்திலேயே கோணல்.

உலக சுகாதார நிறுவனத்தின் தரவுப் பக்கம் ஒன்று. அதையே எடுத்து, வகுத்து, வரைபடமாகத் தரும் 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' (Our World in Data) தளம் இன்னொன்று. புதியவர்களுக்கு இரண்டாவதுதான் எளிது. மொத்தத் தரவையும் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற சிவப்பு வட்ட வரைபடம் 2020 ஜனவரி 22 அன்று தொடங்கி 2023 மார்ச் 10 அன்று நிறுத்தப்பட்டது. பழைய தரவு இன்னும் கிடைக்கிறது, ஆனால் அந்தத் தேதிக்குப் பின் அதில் ஒன்றும் இல்லை. பழைய கட்டுரைகளில் உள்ள எண்ணும் நீங்கள் இப்போது எடுக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் பெரும்பாலும் மூலம் மாறியதுதான். இல்லையென்றால் அந்த நாடே பின்னால் பழைய கணக்கைத் திருத்தியிருக்கும்.

2. வகுப்பது

சூத்திரம் இவ்வளவுதான்: தொற்று எண்ணிக்கை ÷ மக்கள்தொகை × 10,00,000. விடை, பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்பது. பத்து லட்சத்துக்குப் பதில் ஒரு லட்சத்தால் பெருக்கினால் லட்சம் பேருக்கு எத்தனை என்று வரும்.

இதைவிடச் சுலபமான வழி, மக்கள்தொகையை முதலிலேயே மில்லியனில் எழுதிக்கொள்வது. ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம். ஒரு கோடி என்பது பத்து மில்லியன். இந்தியா சுமார் 1,400, அமெரிக்கா சுமார் 335, ஜெர்மனி 83, தென்கொரியா 52, இலங்கை 22. தொற்று எண்ணிக்கையை இந்த எண்ணால் வகுத்தாலே போதும். இலங்கை: 6,72,000 ÷ 22 = சுமார் 30,500. இந்தியா: 4,50,00,000 ÷ 1,400 = சுமார் 32,100. அமெரிக்கா: 10,34,00,000 ÷ 335 = சுமார் 3,08,600. நான்கைந்து நாடுகளின் மில்லியன் கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொண்டால், செய்தியில் ஓர் எண் வந்ததுமே மனதுக்குள் வகுத்துப் பார்த்துவிடலாம்.

காற்புள்ளியில் ஒரு கண் வையுங்கள். நாம் 1,00,000 என்று எழுதுவதை வெளிநாட்டுத் தளங்கள் 100,000 என்று எழுதும். அவசரத்தில் படிக்கும்போது ஒரு பூஜ்யம் நழுவி, பத்து மடங்கு பிழை வந்துவிடும். லட்சம் பேருக்கு என்று ஒரு நாட்டையும் பத்து லட்சம் பேருக்கு என்று இன்னொன்றையும் எடுத்து ஒப்பிடுவதும் இதே பத்து மடங்குப் பிழைதான். தமிழ்ச் செய்திகளில் மில்லியனை லட்சம் என்று மாற்றிப் போட்ட இடங்களை எளிதாகப் பார்க்கலாம்.

மிகச் சிறிய நாடுகளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அல்லது தனியாக வையுங்கள். 2020 மே மாதத் தொடக்கத்தில் வாடிகனில் இருந்த தொற்று வெறும் 12. அங்கே வசிப்பவர்கள் சுமார் 800 பேர். வகுத்தால் பத்து லட்சத்துக்கு 15,000. அதே நாட்களில் அமெரிக்காவின் விகிதம் 4,000-ஐக்கூடத் தொடவில்லை. 12 பேரை வைத்து வாடிகனை உலகின் மோசமான நாடு என்று சொல்ல முடியுமா? சுமார் 34,000 பேர் வாழும் சான் மரினோவிலும் ஒருவருக்குத் தொற்று வந்தாலே விகிதம் 30 கூடும். பத்து லட்சம் பேருக்குக் குறைவாக உள்ள நாடுகளை வடிகட்டிவிட்டுத்தான் பட்டியல் போட வேண்டும் என்பது என் வழக்கம். இதுதான் சட்டம் என்று எதுவும் இல்லை. ஆனால் எந்த எல்லையை வைத்தீர்கள் என்பதைப் படிப்பவருக்குச் சொல்லிவிடுங்கள்.

3. கீழே வைக்கும் எண் எது?

வகுக்கும் எண்ணைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. இந்தியாவின் கடைசிக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது. 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனது. எனவே கோவிட் கால இந்திய விகிதம் எதுவாக இருந்தாலும் அது மதிப்பீட்டு மக்கள்தொகையால் வகுத்ததுதான். தமிழ்நாட்டுக்கு 2011 கணக்கான 7.21 கோடியை வைத்து 2021 விகிதம் போட்டால் விடை கொஞ்சம் கூடுதலாக வரும். நாடுகளை ஒப்பிடும்போது ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவின் மதிப்பீட்டையே எல்லாவற்றுக்கும் எடுத்தால் இந்தத் தலைவலி தீர்ந்தது. ஐந்து சதவீத வேறுபாட்டுக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் வரப்போகும் பிழைகள் ஐந்து மடங்கு, பத்து மடங்குப் பிழைகள்.

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைய இருக்கும் நாடுகளில் மட்டும் இது பெரிய விஷயம். சிங்கப்பூரைப் பாருங்கள். 2020-இல் அங்கே மொத்த மக்கள்தொகை 56.9 லட்சம், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் என்றால் 40.4 லட்சம். தொற்றுக் கணக்கில் எல்லோரும் சேர்த்தி. ஆகவே 56.9 லட்சத்தால்தான் வகுக்க வேண்டும். 40.4 லட்சத்தால் வகுத்தால் விகிதம் 40 சதவீதம் ஊதிவிடும்.

சரி, சரியான எண்ணால் வகுத்துவிட்டோம். 2020 டிசம்பர் நடுவில் சிங்கப்பூரில் மொத்தத் தொற்று சுமார் 58,300. பத்து லட்சம் பேருக்கு சுமார் 10,200. இந்த எண் சிங்கப்பூரில் யாருடைய நிலைமையையும் சொல்லவில்லை. அந்த 58,300-இல் 54,505 பேர் தொழிலாளர் விடுதிகளில் இருந்தவர்கள். விடுதிகளில் இருந்தவர்கள் மொத்தம் சுமார் 3.2 லட்சம் பேர். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் கணிசம். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பலர் படுத்து, ஒரே குளியலறையைப் பயன்படுத்திய இடங்கள் அவை. தனியாக வகுத்தால் விடுதிகளில் பத்து லட்சத்துக்கு சுமார் 1,70,000. வெளியே இருந்தவர்களிடையே சுமார் 700. ரத்தப் பரிசோதனையில் பழைய தொற்று தெரிந்தவர்களையும் சேர்த்தபோது விடுதித் தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்ததாக அந்நாட்டு அரசே அந்த டிசம்பரில் அறிவித்தது. ஒரு நாட்டுக்குள் இரண்டு உலகம் இருக்கும்போது சராசரியை மட்டும் போடுவது, நோய் வந்தவர்களை மறைப்பதாகிவிடும். பிரித்துப் போட வழி இருந்தால் பிரித்தே போடுங்கள்.

4. எத்தனை நாள் கணக்கு?

"ஜெர்மனியில் 140, இந்தியாவில் 28" என்று ஒரு வரி பார்த்தால் உடனே கேட்க வேண்டியது, எத்தனை நாட்களுக்கு, எத்தனை பேருக்கு என்பதுதான். ஜெர்மனி லட்சம் பேருக்கு ஏழு நாள் கூட்டுத்தொகையைச் சொல்லும். ஐரோப்பிய நோய்க்கட்டுப்பாட்டு மையம் லட்சம் பேருக்குப் பதினான்கு நாள் கூட்டுத்தொகையைப் போட்டது. பல அமெரிக்கப் பத்திரிகைகள் லட்சம் பேருக்கு ஒரு நாள் சராசரியைப் போட்டன. 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' பத்து லட்சம் பேருக்கு ஒரு நாள் சராசரி.

ஒரு நகரத்தில் நிலைமை இரண்டு வாரமாக மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நிலைமை முதல் முறையில் 140, இரண்டாவதில் 280, மூன்றாவதில் 20, நான்காவதில் 200. நான்கும் ஒன்றேதான். மேலே சொன்ன ஜெர்மனியின் 140 என்பது ஒரு நாளுக்கு 20. இந்தியாவின் 28 என்பது 2021 மே மாத உச்சத்தில் லட்சம் பேருக்கு ஒரு நாள் சராசரி. ஆக, அந்த வரியில் உண்மையில் இந்தியாதான் மேலே. எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

ஒரு நாள் எண்ணை வைத்து எப்போதும் ஒப்பிடாதீர்கள். சனி, ஞாயிறுகளில் பரிசோதனைக் கூடங்கள் பாதி வேலை செய்யும். செவ்வாய், புதன்களில் தேங்கியவை மொத்தமாக வந்து விழும். ஏழு நாள் சராசரி இந்த மேடுபள்ளத்தைச் சமன் செய்துவிடும். எக்செல்லில் ஏழு கட்டங்களுக்கு ஆவரேஜ் போட்டுக் கீழே இழுத்தால் முடிந்தது.

சராசரியாலும் அடங்காத திடீர் ஏற்ற இறக்கங்கள் உண்டு. சீனாவின் ஹூபே மாகாணம் 2020 பிப்ரவரி 12-ஆம் தேதிக் கணக்கில் ஒரே நாளில் 14,840 பேரைச் சேர்த்தது. நோய் அன்று வெடிக்கவில்லை; சி.டி. ஸ்கேனைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்தவர்களையும் அன்று முதல் எண்ணினார்கள். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் இறுதியில் 15,841 தொற்றுகள் கணக்கில் விடுபட்டுப்போய், அக்டோபர் தொடக்கத்தில் மொத்தமாகச் சேர்ந்தன. பழைய வகை எக்செல் கோப்பில் வரிசைகள் தீர்ந்துபோனதுதான் காரணம். ஒரு நாட்டின் கோடு திடீரென்று செங்குத்தாக எழுந்தாலோ விழுந்தாலோ, நோயைப் பற்றி எழுதுவதற்கு முன் அந்த வாரத்துச் செய்தியைத் தேடிப் பாருங்கள்.

5. மேலே வைக்கும் எண்ணை, அதாவது தொற்று எண்ணிக்கையை, நம்பலாமா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

தென்கொரியாவில் மொத்தம் சுமார் 3.45 கோடி தொற்று, மக்கள் 5.17 கோடி. பத்து லட்சம் பேருக்கு சுமார் 6,67,000. தென் அமெரிக்க நாடான பெருவில் சுமார் 45 லட்சம் தொற்று. மக்கள் சுமார் 3.4 கோடி. பத்து லட்சத்துக்கு சுமார் 1,33,000. வகுத்தல் சரி, மூலம் ஒன்று, அலகு ஒன்று. கொரியா பெருவைவிட ஐந்து மடங்கு மோசம் என்று எழுதிவிடலாமா?

இறப்பைப் பாருங்கள். கொரியாவில் சுமார் 35,900 பேர். பத்து லட்சத்துக்கு 700-க்குக் கொஞ்சம் குறைவு. பெருவில் சுமார் 2.2 லட்சம் பேர். பத்து லட்சத்துக்கு சுமார் 6,500. உலகிலேயே அதிகமான விகிதங்களில் ஒன்று. தொற்றில் கொரியா ஐந்து மடங்கு, இறப்பில் பெரு ஒன்பது மடங்கு. இரண்டு பட்டியலும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பரிசோதனை. தொற்று எண்ணிக்கை என்பது நோய் வந்தவர்களின் எண்ணிக்கை அல்ல. நோய் வந்து, பரிசோதனை செய்து, பாசிட்டிவ் என்று வந்து, பதிவும் ஆனவர்களின் எண்ணிக்கை. கொரியா முதல் மாதத்திலிருந்தே தேடித் தேடிப் பரிசோதித்தது. பெருவில் முதல் அலையின்போது ஆக்சிஜன் சிலிண்டருக்கே வரிசையில் நின்றார்கள். தேடியவர்களுக்குத்தான் கிடைக்கும், தேடாத இடத்தில் நோய் கணக்கில் ஏறாது.

இன்னொன்று, காலம். பெருவின் பெரிய அலைகள் 2020-இலும் 2021-இன் முதல் பாதியிலும், பெரும்பாலான மக்களுக்குத் தடுப்பூசி வருவதற்கு முன் அடித்தன. கொரியாவின் பெரிய அலை 2022 மார்ச்சில், ஒமைக்ரானோடு வந்தது. அப்போது முதியவர்களில் பெரும்பாலோர் கூடுதல் தவணை ஊசியும் போட்டு முடித்திருந்தார்கள். மார்ச் 17 அன்று ஒரே நாளில் 6.21 லட்சம் தொற்று அறிவிக்கப்பட்டது. பத்து லட்சம் பேருக்கு சுமார் 12,000. இந்தியாவின் மிக மோசமான ஒரு நாள் எண்ணிக்கை 2021 மே முதல் வாரத்தில் வந்த 4,14,188. பத்து லட்சத்துக்கு 300-க்கும் குறைவு. டெல்லியில் தகன மேடைக்கு இடமில்லாத நாட்கள் அவை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் கொரியா நாற்பது மடங்கு மோசம் என்று எழுதினால் கணக்கில் தவறில்லை, ஆனால் அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லை.

நியூசிலாந்தும் இப்படித்தான். அங்கே 24 லட்சத்துக்கு மேல் தொற்று பதிவானது; மக்கள் சுமார் 51 லட்சம். விகிதத்தில் அமெரிக்காவைத் தாண்டிவிடும். ஆனால் 2022-இல் அரசு இலவசமாகக் கொடுத்த வீட்டுப் பரிசோதனைக் கருவியில் பார்த்து, முடிவை மக்களே இணையத்தில் பதிந்தார்கள். அமெரிக்காவில் வீட்டில் பார்த்தவற்றில் பெரும்பகுதி எங்கும் பதிவாகவே இல்லை. எல்லையை மூடிவைத்திருந்த 2020, 2021 ஆண்டுகளில் நியூசிலாந்தில் வழக்கத்தைவிடக் குறைவான இறப்புகளே ஏற்பட்டன.

அப்படியென்றால் தேடல் எவ்வளவு நடந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று வழிகள்.

முதலாவது, பாசிட்டிவ் விகிதம்: பரிசோதித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று. உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் 5 சதவீதத்தை ஓர் எல்லையாகச் சொன்னது. இரண்டு வாரமாவது அதற்குக் கீழே இருந்தால் நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று கொள்ளலாம். 2021 மே தொடக்கத்தில் இந்தியாவில் அது 20 சதவீதத்துக்கும் மேல். ஒரு நாளைக்கு 18 லட்சம் பரிசோதனை என்பது கேட்கப் பெரிதுதான். அதையும் 1,400-ஆல் வகுங்கள், பத்து லட்சத்துக்கு சுமார் 1,300. பாசிட்டிவ் விகிதம் 3 சதவீதம் உள்ள நாட்டையும் 22 சதவீதம் உள்ள நாட்டையும் தொற்று விகிதத்தில் ஒப்பிடவே கூடாது என்பது என் கருத்து. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால், இரண்டாவது நாட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைந்தபட்சம்' என்று எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் செரோ சர்வே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலையில் நடத்திய நான்காவது சுற்றில் ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் 67.6 சதவீதம் பேரிடம் அது இருந்தது. தடுப்பூசியே போடாதவர்களை மட்டும் பார்த்தாலும் 62.3 சதவீதம். அன்றைக்குப் பதிவாகியிருந்த தொற்று மூன்று கோடி சொச்சம்; மக்கள்தொகையில் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டும். நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் வந்து போன நோய், நூற்றுக்கு இரண்டு என்று கணக்கில் இருந்தது. பத்து மடங்குப் பிழை என்று முன்பு சொன்னேனே, இங்கே அதையும் தாண்டிவிட்டது.

மூன்றாவது, அந்த நாட்டில் பரிசோதனைக் கொள்கை எப்போது மாறியது என்பது. சுவீடன் 2022 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான பரவலான பரிசோதனையை நிறுத்தியது. இங்கிலாந்து ஏப்ரல் 1 முதல் பெரும்பாலோருக்கு இலவசப் பரிசோதனையை நிறுத்தியது. அதற்குப் பின் வரும் தாழ்ந்த கோட்டைப் பார்த்து நோய் ஓடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2022-இன் நடுப்பகுதிக்குப் பிந்தைய தொற்று விகிதங்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

எல்லோரையும் பரிசோதித்த இடம் எப்படி இருக்கும் என்று அறிய ஆசையா? 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் கிட்டத்தட்ட அப்படி. 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று, அதாவது 19 சதவீதம். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் இவ்வளவு துல்லியமாக எந்த நாட்டுக்கும் கிடைத்ததில்லை.

6. இறப்புக்கு மாறுவது, அதிலுள்ள பள்ளங்கள்

தொற்றைவிட இறப்பை எண்ணுவது எளிது என்பதால் அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் இறப்பு விகிதத்துக்குத் தாவிவிடுவார்கள். நல்ல பழக்கம்தான். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: இறப்பை மக்கள்தொகையால் வகுப்பது வேறு, இறப்பைத் தொற்று எண்ணிக்கையால் வகுப்பது வேறு. இரண்டாவதில் கீழே இருப்பது, நாம் இப்போதுதான் சந்தேகப்பட்ட அதே தொற்று எண். பரிசோதனை குறைந்த நாட்டில் அது சும்மாவே பெரிதாகத் தெரியும்.

எதைக் கோவிட் இறப்பு என்று சொல்வது என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. பெல்ஜியம் 2020 வசந்த காலத்தில், முதியோர் இல்லங்களில் பரிசோதனை இல்லாமலே கோவிட் என்று சந்தேகிக்கப்பட்ட இறப்புகளையும் எண்ணியது. உலகப் பட்டியலில் உச்சத்துக்குப் போய் அவப்பெயர் வாங்கியது. நேர்மையாக எண்ணியதற்கு அபராதம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2020 ஆகஸ்ட் 12 அன்று, பாசிட்டிவ் வந்து 28 நாட்களுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது என்று முடிவு செய்தார்கள். ஒரே நாளில் மொத்தக் கணக்கில் 5,000-க்கும் மேல் குறைந்தது. தமிழ்நாட்டில் 2020 ஜூலை 22 அன்று, முன்பு விடுபட்டிருந்த 444 இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. பெருவின் திருத்தம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிது: 2021 மே கடைசியில் 69,342 என்று இருந்தது 1,80,764 ஆனது. பத்து லட்சத்துக்கு 2,100 என்று இருந்த விகிதம் சுமார் 5,500-க்குப் போனது. முந்தின நாள் வரை பழைய விகிதத்தை வைத்துப் பெருவைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே கடைசிப் புகலிடம் கூடுதல் இறப்புகள். காரணம் எதுவானாலும் சரி, வழக்கமான ஆண்டுகளை வைத்து எதிர்பார்த்ததைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்ற கணக்கு அது. உலக சுகாதார நிறுவனம் 2022 மே 5 அன்று வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் உலகம் முழுக்க 1.49 கோடி, நாடுகள் அறிவித்தது 54 லட்சம். இந்தியாவுக்கு அது சொன்னது 47 லட்சம். அரசின் எண் சுமார் 4.8 லட்சம். இந்திய அரசு அந்தக் கணக்கீட்டு முறையை ஏற்கவில்லை. நீங்கள் யார் பக்கம் நின்றாலும், இரண்டு எண்ணையும் இது மதிப்பீடு, இது பதிவு என்று குறித்துப் போடுவதே முறை. இறப்புப் பதிவு ஒழுங்காக இருக்கும் ஐரோப்பிய நாடுகளுக்குள் ஒப்பிட இது மிக நல்ல அளவு. பதிவு பலவீனமான இடங்களில் இதுவும் கணிப்புதான்.

7. வயது

ஓர் எளிய கற்பனைக் கணக்கு. இரண்டு நாடுகளிலும் நோய் ஒரே மாதிரி தாக்குகிறது: அறுபது வயதுக்குக் கீழே பத்து லட்சத்துக்கு 100 பேரும், மேலே பத்து லட்சத்துக்கு 10,000 பேரும் இறக்கிறார்கள். முதல் நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 10 சதவீதம்; மொத்த விகிதம் 90 + 1,000 = 1,090. இரண்டாவதில் 30 சதவீதம்; மொத்த விகிதம் 70 + 3,000 = 3,070. மருத்துவமனையும் அரசும் ஒரே தரம், விகிதம் மட்டும் மூன்று மடங்கு. அந்த 10 சதவீதம் ஏறக்குறைய இந்தியா, 30 சதவீதம் ஏறக்குறைய இத்தாலி.

கத்தாரில் இது இன்னும் துலக்கம். மக்களில் பெரும்பகுதி வேலைக்கு வந்த வெளிநாட்டு இளைஞர்கள். 2020 ஜூலை முடிவில் சுமார் 1.1 லட்சம் தொற்று. 28 லட்சம் பேருக்கு அது பத்து லட்சத்துக்கு சுமார் 39,000, அன்றைக்கு உலகின் உச்சங்களில் ஒன்று. இறப்போ 200-ஐத் தொடவில்லை. வயதுவாரியான தரவு கிடைத்தால் ஒவ்வொரு வயதுப் பிரிவையும் தனித்தனியாக வகுத்து, ஒரே பொது வயது அமைப்புக்குப் பொருத்திக் கூட்டலாம். கிடைக்காவிட்டால், வயது அமைப்பு நெருங்கிய நாடுகளை மட்டும் ஒப்பிடுங்கள்: இத்தாலியையும் ஜெர்மனியையும், பெருவையும் கொலம்பியாவையும்.

8. எழுதும்போது

விகிதத்தை எழுதும் வாக்கியத்தில் தேதி, அலகு, எத்தனை நாள் கணக்கு, மூலம் நான்கும் இருக்க வேண்டும். மொத்த எண்ணையும் விகிதத்தையும் இரண்டையும் கொடுங்கள். விகிதம் மட்டும் கொடுத்தால் வாடிகன் கதைதான். தசமப் புள்ளிகள் வேண்டாம். 32,142.86 என்று எழுதினால் நம்மிடம் இல்லாத துல்லியம் இருப்பதுபோல் தெரியும். 'சுமார் 32,000' போதும். தர வரிசை எண் போடுவதையும் தவிர்க்கலாம். 37-ஆம் இடத்துக்கும் 41-ஆம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் பரிசோதனைக் கூடங்களின் வேறுபாடுதான்.

ஒரு மாதிரி: "2021 ஜனவரி உச்சத்தில் அமெரிக்காவில் ஏழு நாள் சராசரியாக ஒரு நாளைக்கு சுமார் 2.5 லட்சம் தொற்று பதிவானது; பத்து லட்சம் பேருக்கு சுமார் 750. அதே ஆண்டு மே மாத உச்சத்தில் இந்தியாவில் ஒரு நாளைக்கு சுமார் 3.9 லட்சம், பத்து லட்சம் பேருக்கு சுமார் 280. அந்த வாரங்களில் இந்தியாவில் பரிசோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்ததால், இந்திய விகிதத்தைக் குறைந்தபட்ச அளவாகவே கொள்ள வேண்டும்." இதோடு மூலத்தின் பெயரையும் நீங்கள் தரவை இறக்கிய தேதியையும் சேர்த்துவிட்டால் வெளியிடலாம்.